காமிக்ஸில் பெண்ணை வரைவது: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

காமிக்ஸ் வரையக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு கட்டத்தில் பெண் உருவம் வரும். அன்றைக்கு வகுப்பில் வாக்குவாதம் நிச்சயம். வருடா வருடம் ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு முன்னால் சொன்னதுதான் அடிப்படை.

கோடு கோடுதானே, அதில் எங்கிருந்து ஆண் பெண் பாகுபாடு வந்தது?

கோட்டை எங்கே இழுக்க வேண்டும் என்று சொல்லித்தரும் இடத்தில் அது நுழைகிறது. காமிக்ஸ் கையேடுகள் பலவற்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ‘மனித உருவம்’ என்ற தலைப்பில் ஓடுவது, குத்துவது, பாய்வது, விழுவது எல்லாம் ஆண் உருவத்தை வைத்தே விளக்கப்பட்டிருக்கும். அப்புறம் ‘பெண் உருவம்’ என்று தனியாக நாலு பக்கம் வரும். அங்கே அவள் நிற்பாள், திரும்பிப் பார்ப்பாள், இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வாள்.

1978-இல் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸைச் சேர்ந்த எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜான் புசெமாவும் சேர்ந்து வெளியிட்ட மார்வெல் பாணிக் கையேடுதான் பலருக்கும் முதல் புத்தகம். ஒரு தலையின் உயரத்தை அளவுகோலாக வைத்து, நாயகனின் உயரம் எட்டே முக்கால் தலை என்று அதில் அளந்து காட்டுகிறார்கள். பெண்ணிடம் வரும்போது, அவள் பலவீனமானவள் அல்ல என்று வைத்துக்கொண்டாலும் தசையை அழுத்திக் காட்டக் கூடாது, மென்மையாகவும் வழவழப்பாகவும் வரைய வேண்டும் என்கிறார்கள். அவள் ஒரு காரைத் தூக்குகிறாள் என்று கதை சொல்லும். தூக்குகிற கையில் தசை தெரியக் கூடாது என்று பாடம் சொல்லும். ஆண் உடம்பு என்ன செய்கிறது என்று கற்றுத்தருகிறோம், பெண் உடம்பு எப்படித் தெரிகிறது என்று கற்றுத்தருகிறோம். இந்தப் பக்கம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

ஆண் உடம்பும் பெண் உடம்பும் வேறு வேறுதானே? இருப்பதைச் சொன்னால் தப்பா?

தப்பே இல்லை. சராசரியாகப் பார்த்தால் பெண்களின் இடுப்பெலும்பு அகன்றிருக்கும், அதன் முன்பக்கத்துக் கீழ்க்கோணம் விரிந்திருக்கும். ஆண்களின் தோள் அகலமாக இருக்கும். கொழுப்பு சேரும் இடங்களும் மாறும். வரைகிறவருக்கு இதெல்லாம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ‘சராசரியாக’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. ஒரு நீச்சல் வீராங்கனையின் தோளையும், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிற ஓர் ஆணின் தோளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலும்பும் தசையும் இருவருக்கும் அதே பெயரில் அதே இடத்தில்தான் இருக்கின்றன. விலா எலும்பு இருவருக்கும் 12 ஜோடி. ஆணுக்கு டெல்டாய்டு என்ற தோள் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படித்த மாணவர், பெண்ணை வரையும்போது அந்த இடத்தில் ஒரே ஒரு வழவழப்பான கோட்டை இழுத்து முடித்துவிடுகிறார். அந்தத் தசை அங்கே இருப்பது அவருக்குத் தெரியும், அதை வரையக் கூடாது என்று பழக்கியிருக்கிறோம்.

‘பெண்ணுக்கு வளைவு, ஆணுக்குக் கோணம்’ என்பது அடிப்படை விதி இல்லையா?

வட்டம் மென்மையைக் காட்டும், சதுரம் உறுதியைக் காட்டும், முக்கோணம் ஆபத்தைக் காட்டும் என்று வடிவங்களுக்கு ஒரு மொழி இருக்கிறது. நல்ல கருவி அது. எனக்கும் பிடித்த பாடம். அந்த மொழியில் குணத்தைச் சொல்ல வேண்டும். அதை ஆண், பெண் என்பதோடு ஒட்டிவிட்டால், எல்லா ஆண்களும் உறுதியானவர்கள், எல்லாப் பெண்களும் மென்மையானவர்கள் என்று கதை தொடங்கும் முன்பே சொல்லி முடித்துவிடுகிறோம்.

வகுப்பில் ஒரு பயிற்சி கொடுப்பேன். கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்ணை வரைய வேண்டும். முதல் முறை வருகிற படங்களில் பெரும்பாலும் இருபத்தைந்து வயது முகம், மெல்லிய கழுத்து, கன்னத்தில் ஒரே ஒரு கிரீஸ் கறை. கறை மட்டும்தான் வேலையைச் சொல்கிறது. பிறகு, ‘இவள் இப்போது துருப்பிடித்த ஒரு நட்டைத் திருக வேண்டும்’ என்பேன். உடனே கால்கள் அகன்று ஊன்றும், முழங்கை உடம்போடு ஒட்டும், கழுத்து நரம்பு எழும், மணிக்கட்டு தடிக்கும். அதே மாணவர், அதே பென்சில். வேலை என்று ஒன்று வந்ததும் அந்த உடம்புக்கு எடை வந்துவிடுகிறது.

நான் வரைகிற பெண்களுக்கெல்லாம் ஒரே முகம் வருகிறது. ஏன்?

ஏனென்றால் பெண் முகத்தில் எவ்வளவு குறைவாகக் கோடு போடுகிறோமோ அவ்வளவு நல்லது, ஒவ்வொரு கோடும் வயதைக் கூட்டும் என்று சொல்லித்தருகிறோம். மூக்குக்கு இரண்டு புள்ளி, உதட்டுக்கு ஒரு நிழல், புருவம் மெல்லிசு. ஆண் முகத்துக்கு உடைந்த மூக்கு, தடித்த புருவம், இரட்டைத் தாடை, குழி விழுந்த கன்னம் என்று பெரிய கிடங்கே திறந்து கிடக்கிறது. பெண்ணுக்குக் கொடுத்த கிடங்கில் முடி மட்டும்தான் மிச்சம்.

சோதித்துப் பாருங்கள். உங்கள் கதையில் வரும் பெண்களின் தலைமுடியை அழித்துவிட்டு வரிசையாக வையுங்கள். யார் யாரென்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், அவர்களுக்கு இன்னும் முகம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். மூக்கிலிருந்து தொடங்குங்கள். மூக்கு மாறினால் முகமே மாறிவிடும்.

பார்த்தவுடன் பெண் என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தானே இமை முடியும் ரிப்பனும்?

சில இடங்களில் தெரிய வேண்டும், பல இடங்களில் அவசரமே இல்லை. விலங்கு, ரோபோ, வேற்றுக்கிரகவாசி என்று வரும்போது இந்தப் பழக்கம் பளிச்சென்று தெரியும். சாதாரண எலி என்றால் ஆண் எலி. அதற்கு நீள இமை முடி, உதட்டுச் சாயம், தலையில் ரிப்பன் ஒட்டினால் பெண் எலி. ஆண் என்று காட்ட எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

பெல்ஜிய ஓவியர் பேயோ படைத்த ஸ்மர்ஃப் கதைகளில் ஒவ்வொரு ஸ்மர்ஃபுக்கும் ஒரு குணம் உண்டு. ஒருவன் அறிவாளி, ஒருவன் சிடுமூஞ்சி, ஒருவன் சோம்பேறி. 1966-இல் ஸ்மர்ஃபெட் வந்தாள். அவளுடைய குணம், பெண் என்பதுதான். ஸ்மர்ஃபுகளுக்குள் சண்டை மூட்டுவதற்காக அவர்களுடைய எதிரி உருவாக்கியவள் அவள். முதலில் கறுப்பு முடியோடு வந்தாள், யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு பொன்னிற முடியும் நீள இமையுமாக மாற்றப்பட்டதும் எல்லோரும் அவள் பின்னால் ஓடினார்கள். இப்படி ஆண்கள் கூட்டத்தில் ஒரே ஒரு பெண், அவளுக்கு அதைத் தவிர வேறு அடையாளமில்லை என்ற அமைப்புக்கு, அமெரிக்க எழுத்தாளர் கேத்தா பாலிட் 1991-இல் ‘ஸ்மர்ஃபெட் விதி’ என்றே பெயர் வைத்தார். உங்கள் குழுக் கதையில் ஐந்து பேர் என்றால், ஐந்து பேரின் குணத்தையும் ஒவ்வொரு சொல்லில் எழுதிப் பாருங்கள். ஒருத்திக்கு மட்டும் ‘பெண்’ என்று எழுதினீர்கள் என்றால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள்.

அப்படியென்றால் பழைய புத்தகங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஆண்ட்ரூ லூமிஸ் 1943-இல் எழுதிய உருவ ஓவியப் புத்தகத்தில் உடம்பைச் சுற்றியுள்ள இடத்துக்குப் பொருந்த நிறுத்துவதையும் ஒளி விழுவதையும் பற்றி அவர் சொல்லியிருப்பதை நானே இன்னும் எடுத்துப் பார்க்கிறேன். மார்வெல் கையேட்டில் ஒரு கை நம்மை நோக்கி நீளும்போது எப்படிச் சுருங்கித் தெரியும் என்று காட்டும் பக்கங்கள் அருமையானவை.

படிக்கும்போது அந்த வரைபடம் யாருக்காக வரையப்பட்டது என்று கேளுங்கள். லூமிஸ் விளம்பரங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வரைந்தவர். அவருடைய எட்டுத் தலை உயரம், பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் தேர்ந்துகொண்ட அளவு. நிஜ மனிதர்கள் சுமார் ஏழரைத் தலைதான். அவருடைய இலட்சியப் பெண்ணுக்கு அளவுப் படத்திலேயே குதிகால் செருப்பு மாட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள், வெறுங்காலோடு நிற்கும் பெண்ணைக்கூட நுனிக்காலில் நிறுத்துகிறார்கள்.

சூப்பர்ஹீரோ ஆண்களையும்தான் மிகைப்படுத்தி வரைகிறார்கள். பெண்ணை மட்டும் ஏன் பேசுகிறீர்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. ஆமாம், அப்படி ஒரு மார்பும் தோளும் எந்த மனிதனுக்கும் கிடையாது. ஆனால் அந்த மிகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அவனுடைய கை தடிப்பது அடிக்க, கழுத்து தடிப்பது தாங்க. வாசகன் ‘நான் இவனாக இருக்க வேண்டும்’ என்று நினைப்பதற்காக அவனைப் பெரிதாக்குகிறார்கள். அவளுடைய இடுப்பு சுருங்குவதால் அவளால் எதையும் கூடுதலாகச் செய்ய முடிவதில்லை. சொல்லப்போனால் அந்த இடுப்பில் குடலுக்கே இடமிருக்காது.

2012 டிசம்பரில் ஓவியர்கள் சிலர் இதைப் படமாகவே காட்டினார்கள். பெண் நாயகிகள் அட்டையில் நிற்கிற அதே போஸில் ஹாக்கை என்ற வில்லாளி நாயகனை நிறுத்தி வரைந்து பொதுவில் போட்டார்கள். ‘ஹாக்கை இனிஷியேட்டிவ்’ என்று பெயர். ஒருவர் தொடங்க, ஏராளமானவர்கள் வரைந்து சேர்த்தார்கள். பின்புறத்தைத் தூக்கி, மார்பைத் தள்ளி, உதட்டைக் குவித்து அம்பு விடுகிற ஆணைப் பார்த்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு மிகையும் ஒன்றுதான் என்றால் அந்தப் படங்கள் நமக்கு விசித்திரமாகத் தெரிந்திருக்காது.

அந்த ‘முதுகு முறிகிற’ போஸ் என்கிறார்களே, அதில் என்ன தப்பு? உடம்பை வளைக்க முடியும்தானே?

மார்பும் பின்புறமும் ஒரே கோணத்தில் தெரிகிற போஸைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எழுந்து நின்று செய்து பாருங்கள், மெதுவாக. இடுப்புக்கு மேலே இருக்கும் ஐந்து முள்ளெலும்புகள் முன்னும் பின்னும் நன்றாக வளையும், ஆனால் பக்கவாட்டில் மிகக் கொஞ்சமாகத்தான் திரும்பும். உடம்பைத் திருகும்போது பெரும்பகுதி மார்புப் பகுதியின் முதுகெலும்பிலும் கழுத்திலும் நடக்கிறது. அந்த அட்டைப்படங்களில் திருகல் முழுவதும் இடுப்பிலேயே நடந்துவிடும்.

திருத்துவதற்கு நான் சொல்லும் வழி இது. விலா எலும்புக்கூட்டை ஒரு முட்டையாகவும் இடுப்பெலும்பை ஒரு கிண்ணமாகவும் முதலில் போடுங்கள். இரண்டுக்கும் நடுக்கோடு போட்டு, இரண்டு நடுக்கோடுகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள். ஒரு மாணவியின் நோட்டில், சுவரேறும் ஒரு பெண்ணை இப்படித் திரும்பப் போட்டோம். தாள் தேய்ந்து மெலிகிற அளவுக்கு அழித்து எழுதினாள். பழைய படத்தில் சுவரேறும் பெண்ணின் முகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிண்ணமும் முட்டையும் சரியான இடத்துக்கு வந்ததும், கண் தானாகவே அடுத்துப் பிடிக்க வேண்டிய கல்லைப் பார்க்கத் தொடங்கியது. அவள் விழுந்துவிடுவாளோ என்று முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது.

கவர்ச்சியாக வரையவே கூடாதா? தணிக்கை வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. தணிக்கையை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களாகவே கொண்டுவந்த காமிக்ஸ் நெறித்தொகுப்பில், பெண்களின் உடலமைப்பை மிகைப்படுத்தாமல் யதார்த்தமாக வரைய வேண்டும் என்று ஒரு வரியே உண்டு. அதே தொகுப்பு, காதல் கதைகள் வீட்டின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்றும் சொன்னது. ஒரு பக்கம் உடம்பை மூடி, இன்னொரு பக்கம் அவளை வீட்டுக்குள் அனுப்பினார்கள். அந்தத் தொகுப்பின் ஒப்புதல் முத்திரையை அட்டையில் போட்டுவந்த கடைசிப் பதிப்பாளர்களும் 2011-இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அது திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன்.

மயக்குவதையே வேலையாகக் கொண்ட உளவாளி, தன் உடம்பை ரசிக்கிற நடனக்காரி, காதலில் இருக்கிற இரண்டு பேர்: இவர்களைக் கவர்ச்சியாக வரையுங்கள், நன்றாக வரையுங்கள். 2014-இல் ஸ்பைடர் வுமன் முதல் இதழுக்கு, கூரைமேல் ஏறும் நாயகியைக் கவர்ச்சியாகக் காட்டி மிலோ மனாரா வரைந்த மாற்று அட்டை பெரிய சர்ச்சையானது. மனாரா காமக் கதைகளுக்கே பெயர் பெற்ற இத்தாலிய ஓவியர், அவருடைய கோடு மிக அழகானது. தன் சொந்தக் கதைகளில் அவர் வரைவதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஒரு நாயகியின் புதிய தொடரை அறிமுகப்படுத்தும் அட்டையில், அவள் யார், எதற்கு அந்தக் கூரைமேல் ஏறுகிறாள் என்று படம் ஒன்றுமே சொல்லவில்லை. அங்கே கேட்ட வேலை வேறு.

பெண் போராளிக்குக் கவசம் வரையும்போது மார்பைத் தனித்தனியாக வடிக்கலாமா?

வேண்டாம். கவசத்தின் வேலை அடியை உடம்புக்கு வெளியே வழுக்கிவிடுவது. இரண்டு கிண்ணம்போல் வடித்தால் நடுவில் பள்ளம் விழும், வாள்நுனி வழுக்கி நேராக மார்பெலும்புக்கு வரும். ஒரே குவிந்த தகடாக வரையுங்கள். உள்ளே பஞ்சு மெத்தை இருக்கும், இடம் போதும்.

ஜப்பானிய மாங்கா காமிக்ஸில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான். அது ஸ்டைல்தானே?

ஸ்டைல் என்றால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும். பெரிய கண் உங்கள் ஸ்டைல் என்றால் கிழவருக்கும் பெரிய கண் வரட்டும். ஆண்களுக்குப் பத்து விதமான உடம்பும் பெண்களுக்கு ஒரே விதமான உடம்பும் வந்தால், அதை முடிவு செய்தது ஸ்டைல் அல்ல, முதல் பதிலில் சொன்ன அந்தப் பழக்கம்.

மாங்காவை ஒரே மூட்டையாகக் கட்டுவதும் சரியில்லை. 1970-களில் மோட்டோ ஹாகியோவும் அவருடைய தலைமுறைப் பெண் ஓவியர்களும் பேனல் எனப்படும் படக் கட்டங்களின் அமைப்பையே மாற்றி, மனதுக்குள் நடப்பதைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 2001-இல் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடங்கிய ஹிரோமு அராகாவாவின் பெண்களுக்குத் தோள் உண்டு, தொடை உண்டு, அடித்தால் எதிரி நகர்வான். அராகாவா ஒரு பெண். இயற்பெயர் ஹிரோமி, ஆண்பெயர் போல ஒலிக்கும் ஹிரோமுவைப் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

வாங்குகிறவர்கள் பையன்கள்தான். சந்தை கேட்பதைத்தானே வரைய முடியும்?

பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லை என்பது வரலாற்றில் நிற்காது. 1947-இல் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் அமெரிக்காவில் காதல் காமிக்ஸைத் தொடங்கியபோது அது அமோகமாக விற்று, பல பதிப்பாளர்கள் பின்னால் வந்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பகுதி பெண்கள். அதற்கும் முன்னால், 1940-இல் நிருபர் பிரெண்டா ஸ்டாரின் கதையை வரையத் தொடங்கியவர் டேல் மெசிக். 1941-இல் மிஸ் ஃப்யூரியைப் படைத்தவர் டார்ப்பே மில்ஸ். இருவரும் பெண்கள். டாலியா என்ற இயற்பெயரை மெசிக் டேல் ஆக்கிக்கொண்டார், மில்ஸ் தன் முதல் பெயரான ஜூனை விட்டுவிட்டார். பெயரில் பெண் என்று தெரிந்தால் வேலை கிடைக்காது என்ற நிலை. அறுபது வருடம் கழித்து அராகாவாவும் அதேபோல ஒரு பெயரைத்தான் வைத்துக்கொண்டார்.

2016-இல் பிரான்ஸின் ஆங்குலேம் காமிக்ஸ் விழாவில் வாழ்நாள் சாதனைக்கான பெரிய விருதுக்கு 30 பேர் பட்டியல் வெளியானது. அதில் ஒரு பெண்கூட இல்லை. பட்டியலில் இருந்த ஆண் ஓவியர்களே பலர் தங்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து ரூமிகோ தகாஹாஷி என்ற பெண் ஓவியருக்கு அந்த விருது போனது. பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கில் விற்ற, பையன்களுக்கான மாங்காக்களை வரைந்தவர் அவர். சந்தை அவரை எப்போதோ ஏற்றுக்கொண்டிருந்தது.

பெண்களுக்கு அனாடமி, அதாவது உடற்கூறு வராது என்று எங்கள் வகுப்பிலேயே சொன்னார்கள். உண்மையா?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். 1768-இல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஆஞ்சலிகா காஃப்மனும் மேரி மோசரும். அந்த உறுப்பினர்கள் உயிர்மாதிரி வகுப்பில், அதாவது நிஜ மனிதரை முன்னால் நிறுத்தி வரையும் வகுப்பில், கூடியிருப்பதுபோல் ஜோஹன் ஜொஃபனி ஒரு பெரிய ஓவியம் வரைந்தார். ஆண்கள் அறை முழுக்க நிற்கிறார்கள். நிர்வாண மாதிரி இருக்கும் அறையில் பெண்கள் இருக்கக் கூடாது என்பதால், அந்த இருவரையும் சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக வரைந்துவிட்டார். அகாடமியின் மாணவிகளுக்கு உயிர்மாதிரியைப் பார்த்து வரைய அனுமதி கிடைத்தது 1893-இல். நூற்றிருபத்தைந்து வருடம் அந்தக் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் பாடம் இவர்களுக்கு வரவில்லை என்றால் என்ன நியாயம்?

நானே பெண். நானும் இப்படித்தான் வரைகிறேன். அப்போ இது பாகுபாடா?

நீங்கள் கற்றுக்கொண்டதை உங்கள் கை செய்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்திருப்பீர்கள், நானும் அப்படித்தான். உங்கள் மேல் குற்றம் சுமத்த எதுவும் இல்லை.

கையை மாற்ற, பார்க்கிற படத்தை மாற்ற வேண்டும். பளுதூக்குபவர்கள், இரும்புக் குண்டு எறியும் விளையாட்டு வீராங்கனைகள், மலையேறுபவர்கள், எழுபது வயதில் தோட்டம் கொத்துபவர்கள் ஆகியோரின் புகைப்படங்களை வைத்து தினமும் இரண்டு நிமிட ஸ்கெட்ச் போடுங்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் உங்கள் உடம்பையே பாருங்கள். உட்காரும்போது வயிறு மடிகிறது, நிற்கும்போது முழங்கால் கொஞ்சம் பின்னால் போகிறது. அதை அப்படியே வரைய ஆரம்பித்ததும் ஒருவித கூச்சம் வரும், எனக்கும் வந்தது. இரண்டு மூன்று வாரத்தில் அது போய்விடும்.

இதனால் ஆண் உருவங்களுக்கு ஏதாவது நஷ்டம் உண்டா?

நிறைய. குண்டான ஆண் என்றால் நகைச்சுவை, ஒல்லியான ஆண் என்றால் கோழை, நளினமான கையசைவு இருந்தால் வில்லன். ஆண் முகத்தில் கோபத்தை ஆறு படிநிலைகளில் வரையப் பயிற்சி கொடுக்கிறோம், அழுகையை ஒரு முறைகூடக் கொடுப்பதில்லை. ஒரு மாணவன், அப்பாவை இழந்த ஒரு பையனைப் பற்றிக் கதை வரைந்தான். எல்லாப் பேனலிலும் தாடை இறுகியே இருந்தது. ‘இவன் எங்கே அழுகிறான்?’ என்று கேட்டேன். வரையத் தெரியவில்லை என்றான். கீழுதடு எப்படி மேலே தள்ளும், முகவாய் எப்படிச் சுருங்கும் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தோம்.

என் ஆசிரியர் ‘பெண்ணுக்குத் தாடை இவ்வளவு கூடாது’ என்று அழித்துவிடுகிறார். என்ன செய்வது?

எனக்கும் இதே நடந்திருக்கிறது. நான் படித்த ஒரு வகுப்பில், என் பாட்டியைப் பார்த்து வரைந்த முகத்தின் தாடையை ஆசிரியர் தன் பென்சிலால் கூராக்கிவிட்டு, ‘இப்போதுதான் பெண்ணாகத் தெரிகிறாள்’ என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் இருப்பது என் பாட்டி இல்லை.

சண்டை போட வேண்டாம். கதாபாத்திரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி, படத்தோடு சேர்த்துக் கொடுங்கள்: வயது, வேலை, எந்தத் தோள் வலிக்கும், எதைப் பார்த்துப் பயப்படுவாள். பார்த்து வரைந்த புகைப்படத்தையும் பக்கத்தில் வையுங்கள். ‘இந்தத் தாடை இந்த ஆளுக்குப் பொருந்துகிறதா?’ என்று கேளுங்கள். கேள்வி அப்படி வந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் படத்தைப் பார்ப்பார்கள். அப்போதும் பென்சிலை எடுத்தால், மேலே ஒரு டிரேசிங் தாளைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். திருத்தம் அதில் இருக்கட்டும், உங்கள் கோடு கீழே அப்படியே இருக்கும்.